அஞ்சு கிலோவுக்கு ஒரு பக்கெட்டு

இந்தப் பக்கெட்டுங்களா அம்மிணி? இது வாங்குனதில்லீங்க. அஞ்சு கிலோ சோப்புப் பவுடரு எடுத்தாச் சும்மா குடுக்கறாங்க. பவுடரு உள்ளாரயேதான் இருக்குது, மூடி போட்டு. மேல வெச்சா, பஸ்ஸு குலுங்கற குலுக்குல ஆரு மண்டையிலயாச்சும் உளுந்துரும், அதான் மடியிலயே வெச்சுக்கிட்டேன். உங்களுக்கு இடிக்குதுங்களா? சித்த இருங்க, இப்புடித் திருப்பி வெச்சுக்கறேன்.

நல்லாருக்குமான்னு கேக்கறீங்க. எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. ஈரோடு பஸ் ஸ்டாண்டுல ஏறுறப்பவே அந்தக் கண்டக்டரு தம்பி கேட்டுச்சு, "என்னுங்கக்கா, பேரே கேள்விப்படாத பவுடரா இருக்குது"ன்னு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. டிவியில எல்லாம் வராது. அந்த சூப்பர் மார்க்கெட்டுக்காரனே அவன் கடைப் பேரைப் போட்டு விக்கறான். டிவியில வர்றதுல பாதி வெலை. நான் ரெண்டு வருசத்துக்கு மேல அதைத்தான் போடறேன், கேட்டுக்குங்க. அழுக்குப் போகுதா? போகுது. நொரை வருதா? போதும் போதுங்கற அளவுக்கு வருது. வாசம் மட்டும் பெருசா இல்ல. வாசத்தையா கட்டிக்கிட்டுத் திரியறோம்? கை கொஞ்சம் எரியும். ஒரு மாசம் எரியும், பொறகு மரத்துப் போயிரும். என்ற கையப் பாருங்க. சுடுதண்ணிச் சட்டியப் புடிச்சாக்கூட எனக்கு இப்பத் தெரியறதில்ல. அது ஒரு சௌகரியந்தானுங்களே.

நான் கவுந்தப்பாடியில எறங்கறனுங்க. நீங்க கோபியா? அப்ப நான் முன்னாலயே எறங்கிருவேன், சன்னலோரத்துல நல்லா உக்காந்துக்கலாம். என்ற பையனுக்குக் கொழந்தை பொறந்திருக்குது. மருமகளுக்கு அம்மா ஊடு கவுந்தப்பாடிதான். பேரக் கொழந்தையப் பாக்கப் போறேன். இன்னைக்குத்தான் மொத மொதல்ல பாக்கப் போறேன். பச்சக் கொழந்தை இருக்கற ஊட்டுல துணி எவ்வளவு உளுகும்னு சொல்லோணுமா? அதான் பவுடரா எடுத்துட்டேன். வெறுங்கைய வீசிட்டுப் போக முடியாதில்லீங்க.

ஆமாங்க, பொறந்து நாளாச்சுங்க. எனக்குத்தான் வர முடியாமப் போச்சு. வேலை. அது கெடக்கட்டும்.

பவுடரப் பத்தித்தானே கேட்டீங்க, அதைச் சொல்றேன். அந்தப் பவுடரு மேல ஒரு பழி இருக்குது. வெளியில ஆரும் சொல்ல மாட்டாங்க. எங்கூட்டுல உளுந்த பழி. உங்களுக்கு அவசரம் ஒண்ணுமில்லையே? பஸ்ஸு போற வேகத்துக்கு நேரம் நெறையக் கெடக்குது.

எங்கூட்டுக்காரரு மஞ்ச மண்டியில எடை போடறவரு. காலையில வெள்ளையாப் போவாரு, பொழுதோட மஞ்சளா வருவாரு. லுங்கி மஞ்ச, பனியன் மஞ்ச, காதுக்குள்ள மஞ்ச. மாசியில இருந்து சித்திரை வரைக்கும் மஞ்ச வரத்து அதிகமா இருக்கற காலத்துல எங்கூட்டுக் கொடியப் பாத்தீங்கன்னா என்னமோ சாமியாரு மடமாட்ட இருக்கும். உங்களுக்குத்தான் தெரியுமே, மஞ்சக் கறையில சோப்புப் பட்டாச் செவந்து போயிரும். ஆரத்தித் தண்ணிக்கு மஞ்சளக் கரைச்சுச் சுண்ணாம்பப் போட்டா எப்புடிச் செவக்குது, அதே மாதிரி. பொறகு அலசி வெயில்ல போட்டா, செவப்பும் போயிரும் மஞ்சளும் போயிரும். டிவிப் பவுடருல லேசா, ரோஸு நெறத்துல செவக்கும். இந்தக் கடைப் பவுடருல காரம் சாஸ்தி போல. பக்கெட்டே ரத்தமாட்ட ஆயிரும். நான் அதைப் பாத்துப் பாத்துப் பழகிட்டேன். எல்லாத் துணியும் ஒரே பக்கெட்டுத்தான் எங்கூட்டுல. அவரு துணி, பையன் துணி, சீலை, போர்வை, எல்லாத்தையும் ஒண்ணா ஊற வெச்சு ஒண்ணாத் தொவைக்கறது. தனித்தனியா ஊற வெச்சாத் தண்ணிக்கு எங்க போறதுங்க?

மருமக பேரு கோகிலவாணி. வாணின்னு கூப்புடுவோம். நல்ல புள்ளைங்க. கொறை சொல்லக் கூடாது. வாயத் தொறந்து அதிகமாப் பேச மாட்டா, "சரிங்கத்தை"ம்பா, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அவங்கப்பா சீரோட சீரா ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்தாரு. முன்னாடி கண்ணாடிக் கதவு வெச்சது. என்ற பையன் லோகு, மோட்டாரு ரிப்பேரு பாக்கறவன், அவனே பைப்பெல்லாம் இழுத்து மாட்டிக் குடுத்தான். நான் நம்ம பவுடர ஒரு டம்ளரு போட்டேன். அய்யோ சாமி! நொரை கதவுச் சந்துல வருது, அடியில வருது, ஆசாரத் தரை பூராவும் நொரை. அப்புறம் வாணி சொல்றா, "அத்தை, மெஷினுக்குன்னு தனிப் பவுடரு இருக்குதுங்க"ன்னு. வெலையக் கேட்டேன். கேட்டுப்போட்டு மெஷின் மேல ஒரு பழைய பெட்ஷீட்டப் போத்தி வெச்சுட்டேன். கல்லுல தொவைச்சாத்தான் துணி வெளுக்கும். மெஷின்ல போடறது துணியச் சுத்திச் சுத்தித் தலை கிறுகிறுக்க வெக்கறதுதானே.

அவளும் கல்லுலயே தொவச்சா. நல்லாவே தொவைப்பா. கையெல்லாம் வெடிச்சுது மொதல்ல. "தேங்காண்ணை தேச்சுக்கோ, ஒரு மாசத்துல மரத்துப் போயிரும்"னு சொன்னேன். அவளுக்கு என்னமோ மரக்கவே இல்ல. ஒவ்வொருத்தர் தோலு ஒவ்வொரு மாதிரி.

முழுகாம இருந்தப்பவும் அவதான் தொவச்சா. நீங்க அப்புடிப் பாக்காதீங்க அம்மிணி. எங்க காலத்துல பிரசவ வலி வர்ற அன்னைக்குக்கூடத் தண்ணி சொமந்தோம். குனிஞ்சு நிமிந்தாத்தான் சொகப் பிரசவமாவும். நான் அவ நல்லதுக்குத்தான் உட்டேன். கனமான போர்வையெல்லாம் நானே புழிஞ்சு குடுத்துருவேன்.

மூணாம் மாசம் நடக்குது. ஒரு நாள் காலையில நான் அடுப்படியில இருக்கறேன். பொறவாசல்ல இருந்து ஒரே அலறல். "அத்தை! அத்தை!"ன்னு. போட்டது போட்டபடி ஓடறேன். பக்கெட்டுக்கு முன்னால நிக்கறா. அப்பத்தான் கழட்டிப் போட்ட அவ நைட்டிய எடுத்து நீட்டறா, நைட்டி பின்பக்கம் பூராவும் செவப்பு. பக்கெட்டுத் தண்ணியும் செவப்பு. "எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க அத்தை"ன்னு அழுகறா. நானும் ஒரு நிமிசம் ஆடிப் போயிட்டேன், பொய் சொல்லக் கூடாது. லோகு அப்ப ஊட்டுலதான் இருந்தான். பனியனோட ஓடி ஆட்டோவக் கூட்டிட்டு வந்துட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறோம். அவ வயித்தப் புடிச்சுட்டே வர்றா. ஆட்டோவுல பூராவும் மாரியாத்தா மாரியாத்தான்னுட்டே வந்தா.

அங்க போயி ஸ்கேன் பண்ணிப் பாத்தா, கொழந்தை ஜம்முனு இருக்குது. துடிப்பெல்லாம் கேக்குது. டாக்டரம்மா கேக்கறாங்க, "எங்க ரத்தம்? ஒண்ணுமே இல்லையேம்மா." அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சுது. அவ நைட்டியப் போட்டது அவ மாமனாரு லுங்கி ஊறுற பக்கெட்டுல. மஞ்ச ஒட்டிக்கிட்டுச் செவந்திருக்குது! நான் அங்கயே சிரிச்சுப்போட்டேன். நர்ஸம்மா சிரிச்சாங்க. டாக்டரம்மாவும் சிரிச்சாங்க. லோகுகூடச் சிரிச்சான், கண்ணுல தண்ணியோட. வாணி மட்டும் அந்தக் கட்டல்ல உக்காந்துட்டு என்னையே பாத்துட்டு இருந்தா. "ஏம் புள்ள, மஞ்சளுக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமயா மஞ்ச மண்டிக்காரரு ஊட்டுக்கு வாக்கப்பட்டே?"ன்னு கேட்டேன். தமாஷுக்குத்தான் கேட்டேன். சந்தோசத்துல கேட்டேன்.

அதுக்கப்பறம் அது எங்கூட்டுக்கு ஒரு கதையாயிருச்சு. பால்காரன் வந்தாச் சொல்லுவேன், பக்கத்தூட்டுக்காரி வந்தாச் சொல்லுவேன். சொல்லச் சொல்ல எனக்கே நல்லாச் சொல்ல வந்துருச்சு. அவ நைட்டியப் புடிச்சுட்டு நின்னாள்ல, அதே மாதிரி நின்னு காட்டுவேன். கேக்கறவங்க உளுந்து உளுந்து சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா, லேசா. காப்பித் தண்ணிய வெச்சுப்போட்டு உள்ள போயிருவா.

பங்குனியில எங்க மாரியம்மன் நோம்பி வந்துச்சு. என்ற ஊட்டுக்காரரோட அக்கா, ருக்மணி நங்கை, கரூருல இருந்து வந்திருந்தாங்க. ஊடு நெறைய ஆளு. கடைசி நாளு, கோயில் முன்னால நட்ட கம்பத்தப் புடுங்குனதுக்கு அப்பறம் மஞ்சத்தண்ணி ஊத்தி வெளையாடுவாங்களே, தெருவே மஞ்சளா ஓடுச்சு. அஞ்சு மாசம் முழுகாம இருக்கற புள்ளைன்னு வாணிய வாசப்படியிலயே நிக்க வெச்சிருந்தோம். நங்கை மகதான் ஒரு சொம்ப எடுத்து அவ மேலயும் ஊத்திப்போட்டா. நோம்பிதானே. அன்னைக்கும் அந்தக் கதைய நான் நடிச்சுக் காட்டுனேன். நங்கைக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துருச்சு.

அடுத்த நாள் காலையில மலையாட்டத் துணி. மஞ்சத்தண்ணியில நனைஞ்ச துணி அத்தனையும். நான் கல்லுல உக்காந்து தொவைக்கறேன். நங்கை தொட்டி மேல உக்காந்து பேசிட்டு இருக்கறாங்க. பக்கெட்டுல செவப்பு, கல்லுல செவப்பு, சாக்கடையில செவப்பா ஓடுது. அப்ப வாணி குளிக்கற ரூமுல இருந்து வர்றா. கையில அவ உள்பாவாடை. எங்கிட்ட வந்து, நங்கைக்குக் கேக்காத மாதிரி, மெதுவாத்தான் கேட்டா.

"அத்தை, இது மஞ்சதானுங்களா? சித்தப் பாருங்க."

நான் நிமுந்து பாத்தேனா, பாக்கலையான்னு எனக்கே இப்ப நெனப்பில்ல. கையில நொரையோட இருந்தேன். "மஞ்சதான் போ. பவுடரு பட்டா அப்புடித்தான் ஆகும். இன்னொருக்கா ஊரைக் கூட்டிராத"ன்னேன். நங்கைக்குக் கேட்டுப் போச்சு. "ஏ துளசிமணி, ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா?"ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவளும் சிரிச்சா. நான் பாத்தேன், அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு அந்தப் பாவாடைய அதே பக்கெட்டுல போட்டு, உக்காந்து எங்கூட எல்லாத் துணியையும் தொவச்சா.

என்னங்க? சோப்பே படாம எப்புடிச் செவக்கும்னா?

படாமன்னு எப்புடிச் சொல்றீங்க? குளிக்கற சோப்புப் பட்டிருக்கும். குளிக்கற ரூமுல இருந்துதானே எடுத்துட்டு வந்தா. மொத நாள் மஞ்சத்தண்ணி, அடுத்த நாள் குளிக்கற சோப்பு. ஆருக்கும் அப்புடித்தான் தோணும். நீங்க நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க, உங்களுக்கும் அப்புடித்தான் தோணியிருக்கும்.

அன்னைக்குப் பூராவும் அவ ஒண்ணுமே சொல்லல. அதைத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் தாங்க முடியறதில்ல. வயித்த வலிச்சிருக்கும். இடுப்பு வலிச்சிருக்கும். நங்கைக்கு இட்லி வெச்சா, சட்னி அரைச்சா, துணியெல்லாம் காய வெச்சு மடிச்சா. மத்தியானம் ஒருக்கா செவுத்தப் புடிச்சுட்டு நின்னா. "என்ன புள்ள?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க அத்தை"ன்னுட்டா. ஒண்ணுமில்லைன்னு சொன்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன சிரிக்கவா போறேன்?

பொழுதோட அவரு மண்டியில இருந்து வந்து, கை கழுவப் பொறவாசலுக்குப் போனாரு. அவருதான் கத்துனாரு. அவரு கத்தி நான் கேட்டதே இல்ல. குளிக்கற ரூமுக்கு முன்னால கெடக்கறா. அந்தத் தடவை பக்கெட்டு அங்க இல்ல. துணியும் இல்ல. வெறும் தரைதான் செவந்து கெடந்துச்சு.

அப்பறம் என்னங்க. ஆஸ்பத்திரி. அதே டாக்டரம்மா. "காலையிலயே ஏன் கூட்டிட்டு வரல? எப்பயிருந்து ரத்தம் படுது?"ன்னு கேட்டாங்க. டாக்டருங்க அப்புடித்தான் கேப்பாங்க, எதையாச்சும் ஒண்ணச் சொல்லோணுமில்ல. காலையிலயே வந்திருந்தாக் கொழந்தை நின்னிருக்கும்னு அவங்க சொல்லல. நிக்காதுன்னும் சொல்லல. வாணி என்ற பக்கம் திரும்பக்கூட இல்ல. அந்தப் பக்கமா மூஞ்சியத் திருப்பிப் படுத்துட்டா. பையன்னு சொன்னாங்க. நான் பாக்கல. லோகு பாத்தான்.

எனக்கு அழுகை வருலீங்க. எல்லாரும் அழுகறாங்க, நங்கை நெஞ்சுல அடிச்சுட்டு அழுகறாங்க, எனக்கு வருல. ஊட்டுக்கு வந்தேன். நொரை காஞ்ச கல்லக் கழுவி உட்டேன். கொடியில மிச்சமிருந்த துணிய எடுத்தேன். எல்லாம் பளிச்சுனு வெளுத்திருந்துச்சு. அதைப் பாத்துட்டு நின்னேன். ஒண்ணுமே தோணல. இன்னைக்கு வரைக்கும் அப்புடித்தான். உள்ளாற என்னமோ அணைச்சு வெச்சாப்பல இருக்குது.

அவ ஊட்டுக்கு வந்ததும் நான்தான் பாத்துக்கிட்டேன். பூண்டுக் கொழம்பு, சுண்டவத்தல், வேளாவேளைக்கு. எல்லாத்தையும் சாப்பிட்டா. தட்ட அவளே கழுவி வெச்சா. பேச மட்டும் மாட்டா. ஒரு நாள் நங்கை பழமெல்லாம் வாங்கிட்டுப் பாக்க வந்தாங்க. நடு ஊட்டுல உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டே, "பாவம், வந்து கேட்டாளே, நாங்க மஞ்சன்னு சொல்லிச் சிரிச்சுப்போட்டமே"ன்னாங்க. லோகு சாப்புட்டுட்டு இருந்தான். கைய அப்புடியே நிறுத்திட்டான்.

"அம்மா, அவ உங்கிட்ட வந்து கேட்டாளா?"

"கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"பவுடருன்னு சொன்னேன்."

அவன் எந்திரிச்சுப் போனான். எச்சக் கையோட பொறவாசலுக்குப் போயி, பவுடரு டப்பாவ எடுத்துட்டு வந்து, தெருச் சாக்கடையில கவுத்தான். ரெண்டு கிலோ இருந்திருக்கும். மேல தண்ணியும் ஊத்துனான். நொரை தெரு முக்கு வரைக்கும் போச்சு. சின்னப் பசங்க கைதட்டிட்டு நொரைக்குப் பின்னாலயே ஓடுனாங்க. நான் வாசல்ல நின்னு, "டேய், பவுடரு என்னடா பண்ணுச்சு?"ன்னு கேட்டேன். சரியாத்தானே கேட்டேன்? அந்தப் பவுடர ஊரே வாங்குது. அவங்க ஊட்டுல எல்லாம் கொழந்தை பொறக்கலையா? அவன் என்னைய ஒரு பார்வை பாத்தான் பாருங்க. எதிர்த்தூட்டு ஆளைப் பாக்கற மாதிரி. அதுக்கு அவன் என்னையத் திட்டியிருக்கலாம்.

அந்த மாசமே டெம்போ ஒண்ணு வந்துச்சு. மெஷின ஏத்துனான், அவ பீரோவ ஏத்துனான். மாமனாரு ஊட்டுப் பக்கத்துலயே ஊடு பாத்திருக்கறேன், கோபியில ஒரு கடையில வேலைக்குச் சொல்லியிருக்கறேன்னான். வாணி வாசல்ல வந்து நின்னா. அத்தைன்னு கூப்புடுவாளாக்கும்னு நின்னுட்டு இருந்தேன். அவ மாமனாரு கால்ல மட்டும் உளுந்து கும்புட்டுட்டு வண்டியில ஏறிக்கிட்டா. நெம்பர மாத்திட்டாங்க ரெண்டு பேரும். போச்சாது, போகட்டும். மெஷின் இருந்த எடம் காலியாச்சு, இப்ப அங்க அரிசி மூட்டை வெச்சிருக்கறேன்.

நான் மறுபடியும் அதே பவுடரத்தான் வாங்குனேன். வேற வாங்குனா என்ன அர்த்தம்? தப்பு பவுடரு மேலன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா? பவுடரு மேல தப்பில்ல. இல்லவே இல்ல. பின்ன ஆரு மேலன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல. சரி.

அவருங்களா? அவரு எதையும் பேசறதில்ல. முன்னாலயும் பேசறதில்ல, இப்பச் சுத்தமா இல்ல. இப்ப வாராவாரம் சனிக்கெழமை கவுந்தப்பாடிக்கு நாட்டுச்சக்கரை ஏலத்துக்குப் போறாரு. "மஞ்ச மண்டிக்காரருக்குச் சக்கரை ஏலத்துல என்ன வேலை?"ன்னு கேட்டேன். மொதலாளி அனுப்பறாருன்னாரு. வெள்ளைச் சட்டையத் தேச்சுப் போட்டுட்டுப் போவாரு, பெரிய மாப்பிள்ளையாட்ட. போன சனிக்கெழமை வந்து சட்டையக் கழட்டிப் போட்டாரு. தோள்பட்டையில வெள்ளையா என்னமோ காஞ்சு கெடக்குது. புளிச்ச பால் வாசம். தயிருஞ்சோறு தின்னுட்டுத் தோள்லயா தொடைப்பாரு மனுசன்? வயசானா அப்புடித்தான் ஆயிடறாங்க. நம்ம பவுடரு கொஞ்சம் வெச்சுத் தேச்சேன், இருந்த எடம் தெரியாமப் போயிருச்சு. அவரு ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தப்பக் கேட்டாரு, "அந்தச் சட்டையத் தொவச்சுட்டியா?"ன்னு. "பின்ன, தொவைக்காம?"ன்னேன்.  சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு.

என்னங்க அம்மிணி? கொழந்தை பொறந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்குமான்னா?

அவருக்கு எப்புடிங்க தெரியும்? தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லாம இருப்பாரா? முப்பது வருசமாச் சோறு போடறேன். எனக்கே நேத்துத்தான் தெரியும். அந்த சூப்பர் மார்க்கெட்டுல பில்லு போடற புள்ளைக்கு ஊரு கவுந்தப்பாடி, வாணி ஊட்டுக்குப் பக்கத்துத் தெரு. கல்யாணத்துல என்னையப் பாத்திருக்கறா. "அம்மா, அப்பத்தா ஆயிட்டீங்களாமா! எங்கம்மா போன்ல சொன்னாங்க, கொழந்தை வாணியக்கா மாதிரியே இருக்குதாமா"ன்னா. பின்னால எத்தன பேரு கூடைய வெச்சுட்டு நிக்கறாங்க. நான் தெரியாத மாதிரி காட்டிக்க முடியுங்களா? "ஆமாங் கண்ணு, அப்பத்தாளாட்டக் கெடையாது, அவங்கம்மாளாட்ட"ன்னேன். "பேரு வெச்சாச்சுங்களா?"ன்னா. "ரோசனை பண்ணிட்டு இருக்கறோம்"னேன். என்ற வாயில எப்புடித்தான் வந்துச்சோ அத்தனையும். அவதான் சொன்னா, "அஞ்சு கிலோ எடுத்துக்குங்கம்மா, பக்கெட்டு ஃப்ரீ, கொழந்தை துணி தொவைக்க ஆகும்"னு. எடுத்துக்கிட்டேன்.

பச்சக் கொழந்தை தோலுக்கு இது ஒத்துக்காதுங்கறீங்களா? அலசுனாப் போச்சு. ரெண்டு தண்ணி சேத்தி அலசோணும். நானே கூட இருந்து தொவச்சுக் குடுத்துட்டு வரலாம்னு இருக்கறேன். பத்து நாள் இருந்தாலும் சரி, ஒரு மாசம் இருந்தாலும் சரி. மாத்துச் சீலை ரெண்டு இந்தப் பையில இருக்குது. அவ கல்லுப் பக்கமே வர வேண்டாம். நல்லாப் படுத்துக்கட்டும். நான் ஒண்ணும் பேச மாட்டேன். சிரிக்கவும் மாட்டேன். கொழந்தைய ஒருக்கா கையில குடுத்தாங்கன்னாப் போதும். கையில குடுத்தாங்கன்னா என்னமோ ஒண்ணு எளகிரும்னு தோணுது.

வர்றேன்னு சொல்லலீங்க. எந்த நெம்பருக்குச் சொல்றது?

அந்தா, ஊரு வந்துருச்சு. வாணிக்கு அம்மா ஊடு மெயின் ரோட்டுலயேதான், எறங்குனா நாலு எட்டு. சித்தக் காலை நகத்திக்குங்க அம்மிணி, பக்கெட்டு இடிச்சுரும். பவுடரு வேணும்னா வாங்கிப் போடுங்க, நல்ல பவுடருதான். மெஷினுக்கு மட்டும் போட்டுறாதீங்க.

என்னங்க?

பையனா, பொட்டப் புள்ளையான்னா?

அது... கடையில அந்தப் புள்ளகிட்டக் கேக்க முடியுமுங்களா? பெத்த பையனோட கொழந்தை, என்ன கொழந்தைன்னு அப்பத்தாக்காரியே கேட்டா, சிரிக்க மாட்டாளா? அதனால கேக்கல. கதவத் தொறந்தாங்கன்னா, மொதல்ல அதைத்தான் கேக்கோணும்.